முதலாளிக்கு ஊற்றிய டம்ளர்

கிடா விருந்துக்கு முன் பங்காளிகள் வழக்கம்போல் குடிப்பதற்காக மோட்டார் கொட்டகையில் கூடியிருந்தார்கள். மகன் பிரபு பூதலூருக்கு அழைத்து வந்த சிங்கப்பூர் முதலாளி லிம்முக்கு, விஸ்கி பாட்டிலிலிருந்து மூன்றாவது டம்ளரை ஊற்றினார் பஞ்சநதம்.

பிரபு பதறி, அப்பாவைத் தனியே இழுத்தான்.

"லெட்டர்ல எழுதினேனேப்பா! சாராயத்தைச் செரிக்கிற சக்தி அவங்க குடும்பத்துக்கே பிறவியில குறைச்சல். ஒரு மடக்குலயே முகம் செவந்துடும். குடிச்சுக் குடிச்சு அவரு அண்ணன் மூளையில ரத்தம் கசிஞ்சு செத்தே போயிட்டாரு. இவரு தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"ஊத்திக் குடுத்தா வேணாம்னு சொல்ல மாட்டாருன்னும் எழுதியிருந்தியே?"

"மரியாதைக்குக் குடிச்சிடுவாரு. அதுக்காக உயிரோட விளையாடறதா?"

"மூணு டம்ளர் ஆச்சு. முகம் செவந்திருக்கா, பாரு."

சிவக்கவில்லை. பிரபு பாட்டிலை வாங்கி ஒரு மடக்குக் குடித்தான். வெல்லம், சுக்கு, ஏலக்காய். பானகம்!

"அப்ப சித்தப்பாங்களுக்கு?"

"எல்லாருக்கும் இதேதான். அவரு ஒருத்தர் மட்டும் குடிக்காம உக்காந்தா சங்கடமா இருக்காதா? விஷயத்தைச் சொன்னேன். ஒருத்தன்கூட முகம் சுளிக்கலடா."

பிரபு லிம்மிடம் போனான். காலையில் ஒருமுறை அறிமுகப்படுத்தியிருந்தும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மறுபடியும் சொன்னான்:

"சார், இவர் என் அப்பா."