சாட்சிக் கையெழுத்து

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுமாதம், காஜா பெராங் ஊர் முழுக்க ‘சார்ஜண்ட்’ என்று அழைக்கும் கலியாணசுந்தரம், பதக்கம் குத்திய கோட்டோடு சிறைக்கு வந்தார்.

“பட்டாளத்தில இருந்தவங்களுக்குப் பென்ஷன் வருதுய்யா சுப்பையா. மனு கொண்டாந்திருக்கேன், கையெழுத்துப் போடு.”

சுப்பையனுக்குக் கண் கலங்கியது. அடிதடி வழக்கில் உள்ளே வந்தபின் சொந்தத் தம்பிகூட எட்டிப் பார்க்கவில்லை. மனுவை வாசித்தவர் நிமிர்ந்தார்.

“இதுல உங்க பேருல்ல இருக்கு?”

கலியாணசுந்தரம் கோட்டுப் பொத்தானைத் திருகினார். “கூட இருந்தவன் ஒருத்தன் சாட்சிக் கையெழுத்துப் போடணுமாம். நம்ம கம்பெனியில மிச்சம் நாம ரெண்டு பேருதானே?”

“பதவி சார்ஜண்ட்னு எழுதியிருக்கே?”

“மெதுவாய்யா! வார்டர் நிக்கிறாரு.”

“பொய்ச் சாட்சி சொல்லி இன்னொரு ஆறு மாசம் இங்கே இருக்கணுமா?”

சுப்பையன் அந்தப் பதவியை அடித்துவிட்டு, ‘சமையல்காரர்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு சட்டைக்குள்ளிருந்து இன்னொரு மனுவை எடுத்து நீட்டினார்.

“இது என்னோடது. வார்டர் எழுதிக் கொடுத்தாரு. இதுக்கும் சாட்சி வேணும், கலியாணம்.”

அதிலும் பதவி சார்ஜண்ட் என்றே இருந்தது. அதை யாரும் அடிக்க வேண்டியிருக்கவில்லை.

கலியாணசுந்தரத்தின் குதிகால்கள் அட்டென்ஷனில் தாமாக ஒட்டிக்கொண்டன.

“இதோ போட்டுடறேன், சார்ஜண்ட்!”