சாமி வருது

“அந்தப் பேரை இங்க சொல்லாதீங்க. சாமின்னு சொல்லுங்க, போதும்” என்றார் நாராயணப்பன் மெல்லிய குரலில்.

மாரிமுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

விடிந்தும் விடியாத நேரம். சூளகிரிப் பக்கத்து ஏரிக்கரை முழுக்கக் கார்த்திகைப் பனி. அடுத்த கொல்லையில் நேற்று ஒற்றை யானை இறங்கி, ராகியை மிதித்துவிட்டு, ஒரு மோட்டார் கொட்டகையையும் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. பேரைச் சொன்னால் காதில் வாங்கிக்கொண்டு வந்து நிற்குமாம். அதனால் ஊரில் எல்லோருக்கும் அது சாமிதான். நாராயணப்பன் ராத்திரி முழுக்கக் காவல் பரணில் கிடந்த கண்ணோடு நின்றார். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், மாரிமுத்துவிடம் மட்டும் தமிழ் பேசுகிறவர்.

“இன்னிக்கி ஓட்டம் வேணாங்க” என்றார்.

“ஞாயித்துக்கிழம போட்டி அண்ணாச்சி. இன்னைக்கு ஓடிப் பாத்தாத்தான் எனக்கே தெரியும்.”

மாரிமுத்துவுக்கு அறுபத்தைந்து வயது. தூத்துக்குடி குடோன்களில் நாற்பது வருஷம் மூட்டை சுமந்தவர். போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதன் பிறகு மனைவி பவளத்தோடு, இங்கே கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. டாக்டர் முதலில் நடக்கச் சொன்னார், பிறகு ஓடலாம் என்றார். அப்போதுதான் கிருஷ்ணகிரியில் மூத்தோர் தடகளப் போட்டி என்று மகன் சொன்னான். ஆயிரத்தைந்நூறு மீட்டர். எட்டு நிமிஷத்துக்குள் முடித்தால் மாநிலப் போட்டி.

காலில் குறை இல்லை. குறை பயத்தில் இருந்தது. ஆயிரம் மீட்டர் தாண்டியதும் நெஞ்சு கதவைத் தட்டுவது போல அடிக்கும். உள்ளே வைத்த கம்பி நகர்ந்துவிடுமோ என்று தோன்றும். நின்றுவிடுவார். இருபது நாளாக ஒருநாள்கூட நிற்காமல் ஓடி முடித்ததில்லை. நேற்று பவளம் சோறு போடும்போது, நின்னா ஒண்ணுமில்ல, விழுந்துட்டா நான் யாரக் கூப்பிடுவேன் என்று கேட்டிருந்தாள். இன்றும் நின்றுவிட்டால் போட்டிக்குப் போவதில்லை, இனி ஓடுவதும் இல்லை என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

நாராயணப்பன் சலித்துக்கொண்டார். மேலே இருந்து தான் பார்த்துக்கொள்வதாகவும், ஏதாவது தென்பட்டால் குரல் கொடுப்பதாகவும் சொன்னார். பிறகு ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்.

“திரும்பிப் பாக்கற வேல வெச்சுக்காதீங்க. திரும்பற நேரத்துல அது நாலு எட்டு வந்துரும்.”

ஏரியின் மதகிலிருந்து பரண் வரைக்கும் ஆயிரத்தைந்நூறு மீட்டர். மகன் பைக் மீட்டரில் அளந்து வைத்திருந்தான். மதகுக்கு நடந்து போய், கைக்கடிகாரத்தை அழுத்திவிட்டு மாரிமுத்து ஓடத் தொடங்கினார்.

ஐந்நூறு மீட்டர் சுலபமாகப் போனது. எண்ணூறில் மூச்சு சுட்டது. தண்ணீரில் எதுவோ விழுந்த சத்தம் கேட்டது. மீனாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆயிரத்தில் அந்தத் தட்டல் ஆரம்பித்தது. கை தானாக நெஞ்சுக்குப் போனது. வேகம் குறைந்தது. அவ்வளவுதான், நின்றுவிடலாம் என்று நினைத்தார்.

பரணிலிருந்து குரல் வந்தது.

“மாரிமுத்தூ, பின்னால சாமி வருது. ஒதுங்குங்க.”

ஒதுங்க இடம் இல்லை. ஒரு பக்கம் ஏரி. மறுபக்கம் சோலார் கம்பி வேலி. பின்னால் தொம் தொம்மென்று மண் அதிர்ந்தது. புஸ்ஸென்று மூச்சு கேட்டது. வளைவில் ஓரக்கண்ணில் பனிக்குள் கறுப்பாக ஒன்று அசைந்தது.

மாரிமுத்து ஓடினார். கம்பி நகர்ந்தால் நகரட்டும். நின்றாலும் சாவு, ஓடினாலும் சாவு என்றால் ஓடியே சாகலாம். அவர் வேகத்தைக் கூட்டினார், பின்னால் வந்ததும் கூட்டியது. பவளத்தின் முகம் வந்து போனது. பரண் ஏணி தெரிந்தது. எட்டிப் பிடித்தார். ஏறத் தெம்பில்லாமல் அதன் காலடியிலேயே சரிந்தார்.

நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். அடித்துக்கொண்டிருந்தது. பலமாக, விடாமல், ஒழுங்காக. கடிகாரம் ஏழு நிமிஷம் மூன்று விநாடி காட்டியது.

நாராயணப்பன் அவசரமே இல்லாமல் ஏணியில் இறங்கி வந்தார். “ஒதுங்கச் சொன்னா இந்த ஓட்டமா ஓடுவாங்க?”

மாரிமுத்து வந்த வழியைக் கையால் காட்டினார். பனிக்குள்ளிருந்து அது வெளியே வந்தது. கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, கழுத்தில் துளசி மாலை, வெறுங்கால். சபரிமலைக்கு மாலை போட்டிருந்த பக்கத்துத் தெரு ராஜேஷ்குமார்.

“ஏரியில குளிச்சிட்டுப் பூஜைக்குப் போற சாமி, மேல பட்டுறக் கூடாதுன்னு சொன்னேன்” என்றார் நாராயணப்பன்.

“ஆளு வந்தா வாராருன்னு சொல்லணும் அண்ணாச்சி. வருதுன்னா நான் என்னத்த நெனைப்பேன்?”

“எங்க மாமனாரு வந்தாலும் இங்க வருதுன்னுதாங்க சொல்லுவோம்.”

ராஜேஷ்குமார் இருவரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஏணியில் பாதி ஏறிவிட்டான். அங்கிருந்து கீழே பார்க்காமலே கேட்டான்: “பெரியவரு பறந்ததப் பாத்து நானும் திரும்பாம ஓடியாந்துட்டேன்... எனக்குப் பின்னால எவ்ளோ தூரத்துல வருது சாமி, அந்த ஆனை?”