கதவில் ஒரு கீறல்

கானா நாட்டின் டெஷி கடலோரப் பட்டறையில் பளபளத்த நீலக் காரைச் சுற்றிவந்த முதியவர் அஷிட்டே, கதவருகே முகம் சுளித்தார்.

“கீறல் எங்கே, தம்பி?”

“புது பெயின்ட்டுல எதுக்குங்கய்யா கீறல்?” என்றான் லாம்ப்டே.

“அதுதான் முக்கியம்! என் காரை சர்வீசுக்கு விட்டப்ப ஷோரூம்காரங்க இழுத்தது. ‘கொண்டுவரும்போதே இருந்துச்சு’ன்னு மேனேஜர் சாதிச்சுட்டான். அதே இடத்துல போடு.”

லாம்ப்டே உளியால் நீளமாக ஒரு கோடு இழுத்தான். அஷிட்டே அதைத் தடவிப் பார்த்தார். பிறகு கூரையைத் திறந்து, உள்ளே மல்லாந்து படுத்துக் கண்களை மூடினார். அலைச்சத்தத்தில் கார் மெல்ல மிதந்து போவதுபோல் இருந்தது.

“அளவு சரியா இருக்குங்களா?”

“கச்சிதம். நம்ம ஊர்ல மீன் பிடிச்சவனெல்லாம் மீன் மாதிரி செஞ்ச சவப்பெட்டியில போறான். ஆயுசெல்லாம் கார் ஓட்டினவன் நான், இதுலதான் போவேன். அந்த மேனேஜரும் ஒருநாள் மேல வருவான்ல? சொர்க்க வாசல்லயே இதை நிறுத்திவச்சு, ‘இப்ப சொல்லுடா’ம்பேன்!”