பெட்டி சொன்ன பதில்

மாமியார் நிவேதா, விசேஷந்தோறும் மருத்துவரைக் கேளாமலே மருமகள் இளவேனிலுக்கு மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரைகளைக் கொடுத்துவந்தார். ஒருமுறை இளவேனில், காலில் இரத்தம் உறைந்து, மயிரிழையில் உயிர் தப்பினாள். அதன்பின் மருத்துவமனை அவ்வீட்டில் பேசும் மருந்துப்பெட்டியைப் பொருத்தியது; எந்த மாத்திரையையும் இனி அதனிடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

புதுமனை புகுவிழாவன்று இளவேனில் பெட்டியின் குரலை உச்சத்தில் வைத்தாள். கூடம் நிறைய உறவினர் பொங்கல் உண்டுகொண்டிருக்கையில், நிவேதா பெட்டியிடம் கிசுகிசுத்தார்: "நாளைக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போகணும். மருமகளுக்கு அந்த மாத்திரையைக் குடு."

பெட்டி முழங்கியது: "தர மாட்டேன். நீங்கள் கொடுத்த மாத்திரையால்தான் அவருக்கு இரத்தம் உறைந்தது. தவிரவும், மாதவிலக்கு நேற்றே வந்துவிட்டதாக அவர் என்னிடம் பதிந்திருக்கிறார்."

உண்ட கைகள் அப்படியே நின்றன.

"அடிப்பாவி! தீட்டோடயா பொங்கல் வச்சே?"

"ஆமா அத்தை. இன்னொரு கரண்டி போடட்டுமா?"