ஒரு பை ரத்தம்

கால்நடை மருத்துவம் கடைசி வருடம் படிக்கும் ஜுவேரியா, அபிராமபுரத்தில் ஒரு கிளினிக்கில் பயிற்சியில் இருந்தாள். அன்று மதியம், தி.நகரில் ஜவுளிக்கடை நடத்தும் தங்கபுஷ்பம் தன் நாய் டைசனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். உண்ணிக் காய்ச்சல். ஈறெல்லாம் வெளுத்திருந்தது. உடனே ரத்தம் ஏற்றாவிட்டால் பிழைக்காது.

ரத்தம் கொடுக்க ஒரு நாயைத் தேடி ஃபோன் போட்டுக்கொண்டிருக்கும்போதே, திறந்திருந்த கதவு வழியாக ஒரு செவலைத் தெருநாய் உள்ளே வந்து, மேசையருகே படுத்துக் கழுத்தை நீட்டியது. சோதித்துப் பார்த்ததில் ரத்தம் பொருந்தியது.

வழக்கம்போல ஜுவேரியா அதன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். சத்தமே இல்லை. தொடையின் உள்பக்கம் நாடியைத் தேடினாள். அதுவும் இல்லை. நாய் அவளைப் பார்த்து வாலாட்டியது.

"மேடம், இதுக்கு ஹார்ட் பீட்டே இல்ல."

கிளினிக்கை நடத்தும் டாக்டர் வஜீஹா தானும் ஒரு நிமிஷம் முழுக்க வைத்துக் கேட்டார். "எனக்கும் கேக்கல. நீ ஊசியக் குத்தி ரத்தத்த எடு," என்றார்.

இதயம் தள்ளாமல் ரத்தம் ஓடாது என்றுதான் ஜுவேரியா படித்திருந்தாள். பத்தே நிமிஷத்தில் பை நிறைந்தது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

சாயங்காலம் டைசன் எழுந்து தண்ணீர் குடித்தது. தங்கபுஷ்பம் வாசலுக்கு ஓடி, அங்கே படுத்திருந்த செவலையைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"எம் பிள்ளையக் காப்பாத்திட்டியே ராசா! இங்க பாருங்க டாக்டரம்மா, இதுக்கு நெஞ்சு எப்படி அடிக்குன்னு!"

ஜுவேரியா குனிந்து, அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். துடிப்பு இல்லை.

"ஆமாக்கா," என்றாள். கையை எடுக்க மனம் வரவில்லை.