கீழ்ப்பிடி

கோட்டாறு மரக்கடையில் ஆபேலுக்கு அன்றுதான் முதல் நாள். மரம் அறுக்கும் குழிக்கு மேல் குறுக்கே கிடந்த பெரிய மரத் தடியில் ஏறி நின்று, இருவர் இழுக்கும் அறுப்புவாளின் மேல்பிடியைப் பிடித்திருந்தான். மரத்தூள் கொட்டியதில், குழிக்குள் நின்று வாளை இழுத்த கீழ்ப்பிடிக்காரரின் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"அமுக்காத மக்கா. நான் இழுக்கேன், நீ தூக்கு."

மதியம் முதலாளி யேசுரத்தினம் வந்தார். "ஆபேலு, தொழில் படிப்பிக்க ஆளு தாறேன்னு வாக்கு தந்தேன். கெடைக்கல்ல. இன்னைக்கு வீட்டுக்குப் போ."

"கீழே ஒரு அண்ணன் நிக்காருல்லா? பேரு சிலுவைதாசன்னாரு."

முதலாளி குழியின் விளிம்பிலிருந்து பின்வாங்கினார். "போன மாசம் தடி உருண்டு அந்தக் குழியிலதான்டே அவன் செத்தான்! புது ஆளைப் பழக்கிவிட்டுட்டுத்தான் கடையை விட்டுப் போவேன்னு எனக்கு வாக்கு தந்திருந்தான்."

குழிக்குள்ளிருந்து நிதானமாகக் குரல் வந்தது.

"மேல்வேலை படிச்சாச்சு, மொதலாளி. இனி கீழ்வேலைதான் பாக்கி. அவனை எறக்கிவிடும்."