மிதக்காத தொட்டில்

புவியீர்ப்பையே வென்றுவிட்டதாக விளம்பரம் செய்யப்பட்ட காந்தத் தொட்டில், வாங்கி மூன்று நாளாகியும் தரையை விட்டு எழும்பவில்லை. பழுதுபார்க்க வந்த ஜெபராஜுக்கு இயற்பியல் பேராசிரியர் அறவாழி அரைமணி நேரமாகக் காந்தப்புலம் நடத்திக்கொண்டிருந்தார்.

"துருவத்தை மாத்திப் பொருத்தியிருக்கீங்க தம்பி. அடிப்படையே தப்பு."

"இல்ல சார், ஏதோ இரும்பு கீழ இழுக்குது" என்று ஜெபராஜ் மெத்தையைத் தூக்கினான். தலைமாட்டில் ஒரு பாக்குவெட்டி இருந்தது.

பாடம் பாதியில் நின்றது.

குழந்தையை மடியில் வைத்திருந்த பூரணி திகைத்தாள். அதை அவள் வைக்கவில்லை. வீட்டில் அவளையும் கணவர் அறவாழியையும் தவிர வேறு யாருமில்லை. காத்து கருப்பு அண்டாமலிருக்க இரும்பு வைக்கும்படி ஊரிலிருந்து போனில் சொன்ன அவள் மாமியாருக்குப் போன வாரம்தான் அறவாழி ஒரு மணி நேரம் பகுத்தறிவு வகுப்பு எடுத்திருந்தார். முதல் குழந்தை நாற்பதாம் நாள் தூக்கத்திலேயே போய்விட்டது. மடியிலிருக்கும் இவளுக்கு இன்று முப்பத்தெட்டாம் நாள்.

"எடுத்துரலாங்களா மேடம்? உடனே மிதக்கும்."

பூரணி கணவரைப் பார்த்தாள். அவர் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டுங்க" என்று பாக்குவெட்டியை மறுபடி மெத்தையால் மூடினாள். "மூணு நாள் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் தரையிலயே நிக்கட்டும்."

"துருவமெல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி" என்றார் பேராசிரியர், மெல்லிய குரலில்.